கல் தண்ணீர் குடிக்கிறதா

சிரிக்க வைக்கிறேன் அக்கா. கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போதே இல்லை. படிக்கட்டில் ஏன் கோணிச் சாக்கு விரித்திருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். "வழுக்குது, அதான்." முடிந்தது. வாட்ச்மேனைக் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். நீங்கள் என்னைக் கேட்டுவிட்டீர்கள். என்னைக் கேட்டால் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும்.

உட்காருங்க. ஃபேனுக்கு நேராக உட்காருங்க. எதிர்வீட்டை இரண்டே நிமிஷத்தில் பார்த்துவிட்டீர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அப்புறம் பாத்ரூம், அப்புறம் பால்கனியில் கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தரையை மட்டும் தொட்டுப் பார்த்தீர்கள். பரவாயில்லை, ஆளுக்கொரு பழக்கம். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அம்மாவிடம்தான் பேச வேண்டும். பாங்க் முடிந்து ஐந்தரைக்கு வந்துவிடுவாள். ஆறு மணிக்குக் கீழே மீட்டிங் வேறு இருக்கிறது. அதற்குள் கதை முடிந்துவிடும்.

என் பெயர் மிருதுளா. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரே ஒரு சொத்துதான் இருக்கிறது, அது தொண்டை. யார் குரலை வேண்டுமானாலும் ஒரு நாள் கேட்டால் போதும், மறுநாள் அது என்னுடையது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர், குப்பை வண்டி மைக், எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத் தும்மல் வருவதற்கு முன்னால் வருகிற அந்த மூச்சு, எல்லாம் வரும். ஒருமுறை அம்மா குரலில் அப்பாவுக்குப் போன் போட்டு, "வரும்போது அரைக் கிலோ பாவக்கா வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிவிட்டேன். வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் பாகற்காயை யாருமே தொட மாட்டோம். இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை. நான் உள்ளே தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதெல்லாம் சும்மா. படிக்கட்டுக் கதைக்கு வருகிறேன். அதற்கு மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது விசாலாட்சி மேடம். கீழ் வீடு. இந்த செண்பகா அபார்ட்மெண்ட்ஸுக்கு அவர்தான் செக்ரட்டரி. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனால் பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார், டிக்டேஷன் போடுகிற மாதிரி. இப்படி: "ஹ்ஹும். ஒரு தடவைதான், சொல்வேன். லிஃப்ட், ராத்திரி பத்துலேர்ந்து, காலைல ஆறு வரைக்கும், ஓடாது. கரண்டு, யார் வீட்டுக் கரண்டு?"

எப்படி இருக்கிறது? நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, அதனால் சிரிப்பு வரவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்கும். பார்த்ததில்லைதானே?

இரண்டாவது ஃபரூக் அங்கிள். இரண்டாவது மாடி. தில்லை நகரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் குரல் மெதுவாக ஆரம்பித்து மெதுவாக முடியும். "இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றுதான் எதையும் தொடங்குவார். முழுதாகப் பண்ணிக் காட்டலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். நாலைந்து நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது. மேடம் குரல் வருகிறது, அங்கிள் குரல் மட்டும் சரியாக வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை போல.

மூன்றாவது சவரிமுத்து அண்ணன். தரை கழுவுகிறவர். தரை கழுவுகிறவர் என்றால் விளக்குமாறு பிடிக்கிறவர் இல்லை. டைல்ஸ் இடுக்கில் கருத்துப் போயிருப்பதைச் சுரண்டி எடுத்து, கல் தரையில் பல வருஷ அழுக்கை மெஷின் போட்டுத் தேய்த்து, தேவைப்பட்டால் தண்ணீரும் கறையும் உள்ளே இறங்காதபடி மேலே சீலர் என்கிற பூச்சைப் பூசுகிற ஆள். தனியாகத்தான் வருவார். குத்தவைத்தபடியே பேசிப் பழகிய குரல் அவருக்கு. வயிற்றை மடக்கிக்கொண்டு பேசினால்தான் எனக்கு வரும். இதோ: "ஆசிட்டக் கல்லு மேல ஊத்தக் கூடாது பாப்பா. கல்லு வெந்துரும். டைல்ஸ் இடுக்குக்கு அது வேற, கல்லுக்கு இது வேற."

தண்ணீர் வேண்டுமா அக்கா? முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் வந்தீர்களே. வேண்டாமா, சரி.

சவரிமுத்து அண்ணன் தரை கழுவி முடித்ததும் ஒரு காரியம் பண்ணுவார். அதைப் பார்க்கத்தான் நான் கீழே போய் நிற்பேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்து பாட்டில் எடுப்பார், கண்ணுக்கு விடுவார்களே, அந்த மாதிரிக் காலி பாட்டில். அதில் வெறும் தண்ணீர். தரையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பீடி கிடையாது, பேச்சு கிடையாது. சொட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடம் கருத்து, சொட்டு உள்ளே போய்விட்டால், "இது தண்ணி குடிக்குது, பூசணும்" என்பார். முத்து மாதிரி அப்படியே நின்றால், "இதுக்குத் தாகமே இல்ல, பூசக் கூடாது" என்பார். குடிக்காத கல்லில் பூசினால் சீலர் உள்ளே போகாதாம். பால் ஏடு மாதிரி மேலேயே கிடக்குமாம். மேலே தண்ணீர் பட்டால் கால் நிற்காதாம்.

இங்கே மூன்று மாடி வராந்தாவும் டைல்ஸ். கீழ் ஹால் கடப்பாக் கல். படிக்கட்டு மட்டும் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். மூன்றிலும் சொட்டு விட்டுப் பார்த்தார். டைல்ஸ் இடுக்கு குடித்தது, கடப்பாக் கல் மடமடவென்று குடித்தது. படிக்கட்டு குடிக்கவில்லை.

அங்கேதான் சண்டை ஆரம்பம். இந்த அபார்ட்மெண்ட் கட்டி இருபது வருஷம் ஆகிறதாம், விழா எடுக்கப் போகிறாராம் மேடம். தரையெல்லாம் மின்ன வேண்டுமாம். "ஹ்ஹும். ஹால், படி, வராந்தா, எல்லாத்துக்கும், பூசிடு." ஃபரூக் அங்கிள் எதற்குமே பூச வேண்டாம் என்றார். இருபது வருஷம் எந்தப் பூச்சும் இல்லாமல் கல் நன்றாகத்தானே இருந்தது என்றார். இன்னொன்றும் சொன்னார். "விடியக்காலைல தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு ஈரக் காலோட பள்ளிவாசலுக்கு இறங்குற ஆளும்மா நான். அந்த நேரத்துல லிஃப்ட்டும் கிடையாது." எல்லோரும் சிரித்தார்கள், லிஃப்ட்டைப் பற்றி மேடத்துக்கு ஒரு குத்து விட்டார் என்று. நானும் சிரித்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. ஒரு தரையில் பூசுவதா வேண்டாமா என்று இத்தனை பேர் இத்தனை நேரம் பேச முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசியில் சவரிமுத்து அண்ணனையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்னதையே முடிவாக எழுதினார்கள். டைல்ஸ் இடுக்குக்கும் ஹாலுக்கும் பூசுவது, படிக்குக் கூடாது. கழுவின பிறகு முழுசாக இரண்டு நாள் காய விட்டு, வியாழக்கிழமை பூசுவது. மேடம் கையெழுத்து, அங்கிள் கையெழுத்து, சவரிமுத்து அண்ணன் கையெழுத்து. நோட்டில் பார்த்தேன். அண்ணன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார்.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

இந்தத் தரைப் பேச்சுக்கெல்லாம் முன்னால், பொங்கலுக்கு மொட்டை மாடியில் ஒரு விழா நடந்தது. என்னை மிமிக்ரி பண்ணச் சொன்னார்கள். கண்டக்டர் பண்ணினேன், கைதட்டல். ஃபரூக் அங்கிள் பண்ணினேன், அவரே எழுந்து வந்து கை கொடுத்தார். அப்புறம் மேடம் பண்ணினேன். "ஹ்ஹும். பொங்கல், பொங்கினா, பொங்கட்டும். தரைல, சிந்தக் கூடாது." மொட்டை மாடியே குலுங்கியது அக்கா. மேடம் வாட்ச்மேனைப் பார்த்து விரலை ஒரு ஆட்டு ஆட்டினார். மைக் செத்துவிட்டது. என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மேடம் எழுந்து நின்று, மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பெரியவங்களைக் கேலி பண்றது, கலை இல்ல. வளர்ப்பு சரியில்ல." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதை நான் மறக்கவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அந்தக் குரலை வைத்தே மேடத்தை ஒரு நாள் வாயடைத்து உட்கார வைக்க வேண்டும் என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை.

போன புதன்கிழமை வழி கிடைத்தது. மேடம் காலையிலேயே லால்குடிக்குப் போய்விட்டார், ஏதோ காதுகுத்து. மத்தியானம் ஒன்றரை மணி. வாட்ச்மேன் அசோசியேஷன் ரூமைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். உள்ளே லேண்ட்லைன். பக்கத்துச் சுவரில் சவரிமுத்து அண்ணன் நம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர், தண்ணீர் லாரி நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினேன். மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டேன். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டேன். மேடம் குரலுக்கு மூக்கு பாதிதான் திறந்திருக்க வேண்டும்.

ரிங் போனது. எடுத்தார். "சொல்லுங்க மேடம்" என்றார். நான் இன்னும் வாயையே திறக்கவில்லை அக்கா. ஆபீஸ் நம்பர் என்றாலே அவருக்கு மேடம்தான்.

"ஹ்ஹும். சவரிமுத்து. படிக்கும், சேத்துப் பூசிடு. இன்னிக்கே."

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம்.

"மேடம், படி தண்ணி குடிக்கலையே. வேணாம்னுதானே எழுதினீங்க."

"எழுதினதே, நான்தான்."

"இன்னைக்குக் காலைலதான் மேடம் படியக் கழுவி விட்டேன். ஈரம் உள்ளுக்குள்ள இருக்கும். ரெண்டு நாளாவது..."

அதற்கு நான் ஒன்று சொன்னேன் பாருங்க. முன்னாடியே யோசித்து வைத்தது இல்லை, சத்தியமாக. அந்தக் குரலுக்குள் போய்விட்டால் வார்த்தை தானாக வரும். "குடிக்குதா இல்லையான்னு, கல்லைக் கேக்காதே. என்னைக் கேளு."

எப்படி? மேடமே சொல்லியிருக்க முடியாது அவ்வளவு மேடமாக.

மூன்றாவது தடவையும் கேட்டார். "வழுக்கிரும் மேடம். யாராவது விழுந்துட்டா என் பேருதான் கெடும்." நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. "நான், சொல்றேன். நான், பாத்துக்கறேன்." அப்புறம், "சரிங்க மேடம், இப்பவே வர்றேன்."

மூன்று தடவைதான். ஆமாம், மூன்று தடவை கேட்டார். எத்தனை தடவை என்று ஏன் அக்கா இரண்டாம் முறையும் கேட்கிறீர்கள்? மூன்று.

என் திட்டம் ரொம்பச் சின்னது. சாயங்காலம் மேடம் லால்குடியிலிருந்து வருவார். படி பளபளவென்று மின்னும். ஃபரூக் அங்கிள் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டதை மீறிவிட்டீர்களே என்று கேட்பார். மேடம் நான் சொல்லவில்லை என்பார். சவரிமுத்து அண்ணன் நீங்கள்தான் மேடம் சொன்னீர்கள் என்பார். அத்தனை பேர் முன்னாலும் மேடம் தன் குரலையே தான் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தை மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அது முடிந்ததும் படியைச் சுரண்டிவிடலாம். சுரண்டினால் போய்விடும் என்று அவரே ஒரு நாள் சொல்லியிருக்கிறார்.

ஆனால் மேடம் அன்றைக்கு வரவில்லை. காதுகுத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். ஃபரூக் அங்கிள் கடையிலிருந்து வந்து லிஃப்ட்டில் மேலே போய்விட்டார். லிஃப்ட் ஓடுகிற நேரத்தில் இங்கே படியை யார் பார்க்கிறார்கள்? சவரிமுத்து அண்ணன் பூசி முடித்துவிட்டு, குறுக்கே கயிறு கட்டி, அதில் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, வாட்ச்மேனிடம் காலை எட்டு மணி வரைக்கும் யாரையும் விடாதே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கீழ்ப்படியில்தான் கட்டினார். மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அந்தக் கயிறு கடைசியில்தான் தெரியும்.

இருங்க, சிரிப்பு வரும். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணி இருக்கும். ஒரு சத்தம் கேட்டது. நான் கட்டிலில் விழித்துத்தான் இருந்தேன், ஏன் என்று தெரியவில்லை. எல்லாச் சத்தமும் எனக்கு வரும் என்று சொன்னேனே. அதை மட்டும் பண்ணிக் காட்டச் சொல்லாதீங்க. தொண்டை கட்டியிருக்கிறது.

ஃபரூக் அங்கிள்தான். ஏழாவது படியிலிருந்து. இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டதாம், ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள். தலையிலும் அடி. கண்ணைத் திறக்கிறாராம், ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லையாம். நேற்று அவர் பையனைப் பார்த்து, கண்ணாடி பவர் என்ன என்று கேட்டாராம். கேட்கிறபோதே சிரிப்பாக இல்லை? சரியாகிவிடும் அக்கா. பெரிய ஆஸ்பத்திரிதான். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போகலாம் என்று நினைப்பேன், அதற்குள் ஏதாவது வேலை வந்துவிடும். அவருக்கு என் மிமிக்ரி என்றால் உயிர், எழுந்து உட்கார்ந்ததும் போய் ஒரு நாள் முழுக்கப் பண்ணிக் காட்டுவேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுக்கவில்லையா? சரி.

இப்போதுதான் சிரிப்பான இடம். அன்றைக்கு மத்தியானமே மீட்டிங். படியில் அங்கங்கே தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரத்துக்கு மேல் பூசினால் அப்படி ஆகுமாம். சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார்கள். அவர், மேடம்தான் போன் பண்ணினார் என்றார். மேடம், "நான், லால்குடில இருந்தேன். முப்பது பேர், சாட்சி" என்றார். அண்ணன் தன் போனை எடுத்து நீட்டினார். ஆபீஸ் நம்பர், ஒன்று முப்பத்திரண்டு. வாட்ச்மேன் என்ன பண்ணினார் தெரியுமா? ரூமைத் திறந்து போட்டுவிட்டுப் போனது தெரிந்தால் வேலை போய்விடுமே. "நான்தாங்க கூப்புட்டேன், நாளைக்கு எத்தன மணிக்கு வருவன்னு கேக்க" என்று ஒரே போடாகப் போட்டார். நான் பண்ணின போனுக்கு அவர் அப்பா ஆகிவிட்டார் அக்கா. நான் அம்மா பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் மறுபடியும் மறுபடியும் அதையேதான் சொன்னார். "மேடம் குரலு எனக்குத் தெரியாதா சார். செருமினாங்க சார். கல்லைக் கேக்காதே, என்னைக் கேளுன்னாங்க சார்." நான் சொன்னதை, என் வசனத்தை, அத்தனை பேர் முன்னால், அவர் குரலில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மேடம் முகம் எப்படி ஆனது என்கிறீர்கள். வெளுத்து, சிவந்து, "பொய்" என்று மட்டும் சொன்னார். குரல் நடுங்கியது. அவரே அவரை மிமிக்ரி பண்ணுகிற மாதிரி இருந்தது, அதுவும் சுமாராக.

நீங்கள் சிரிக்கவில்லையே.

எல்லோரும் சிரிக்கிற இடம் இது. எல்லோரும் என்றால், இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல். நீங்கள் வெளியாள். வீடு பிடித்தால் வருவீர்கள், பிடிக்காவிட்டால் போய்விடுவீர்கள். இங்கே இருக்கிற யாரிடமாவது சொன்னால் அது எங்கேயாவது போய் நிற்கும். ஆறு நாளாக வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு கூட இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

சவரிமுத்து அண்ணனா? அவருக்கு என்ன. கோபமாகத்தான் இருப்பார். பில்லைக் கூட்டுவதற்காகப் படிக்கும் சேர்த்துப் பூசிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அவருக்கு வேலைக்கா பஞ்சம். ஊரெல்லாம் தரைதானே. என்ன? மற்ற அபார்ட்மெண்ட்டிலும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? இருக்கலாம், செக்ரட்டரிகள் எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான்.

இன்றைக்கு ஆறு மணி மீட்டிங் அதற்குத்தான். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். வேண்டாம் என்று சொன்ன இடத்தில் வேண்டுமென்றே பூசி, ஒரு ஆள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று. மேடம் டைப் அடித்து வைத்துவிட்டார். வீட்டுக்கு ஒரு கையெழுத்து. எங்கள் வீட்டுக்கு அம்மா போடுவாள். கூப்பிட்டு விசாரிப்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள்.

விட மாட்டார்கள் என்கிறீர்களா? உங்களுக்கு எப்படித் தெரியும். அதெல்லாம் விட்டுவிடுவார்கள் அக்கா. அவர் ஒன்றும் பண்ணவில்லையே.

நான் போய்ச் சொல்லலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லலாம்தான். சொல்லவே கூடாது என்று ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ரிசல்ட், அப்புறம் காலேஜ். விஷுவல் கம்யூனிகேஷன் சேரப் போகிறேன், ரேடியோவில் வேலை கிடைக்கும். இப்போது போய் இதைச் சொன்னால் அம்மா இந்தக் கட்டிடத்தில் எப்படி நடப்பாள்? ஏற்கெனவே ஒரு தடவை தலையைக் குனிந்துவிட்டாள். ஃபரூக் அங்கிள் வீட்டு ஆன்ட்டி தினமும் எங்கள் வீட்டில்தான் டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்த கேரியரை நான்தான் கழுவுகிறேன். அங்கிள் பிழைத்து எழுந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதுவரைக்கும் யார் குடியும் முழுகிவிடாது.

மேடம் குரலா? இன்னொரு தடவையா? அவ்வளவு பிடித்திருக்கிறதா உங்களுக்கு? பாருங்க, கடைசியில் நீங்களும் ரசிகை ஆகிவிட்டீர்கள். போனில் பேசினதை அப்படியே பண்ணட்டுமா? ஆரம்பத்திலிருந்து?

ஹ்ஹும். சவரிமுத்து. படிக்கும், சேத்துப் பூசிடு. இன்னிக்கே.

அவர் பேசுவதையும் சேர்த்துப் பண்ண வேண்டாமா? மேடம் மட்டும் போதுமா? சரி.

எழுதினதே, நான்தான்.

குடிக்குதா இல்லையான்னு, கல்லைக் கேக்காதே. என்னைக் கேளு.

நான், சொல்றேன். நான், பாத்துக்கறேன்.

ஏன் கண்ணை மூடிக்கொண்டீர்கள்? அவ்வளவு அச்சாக இருக்கிறதா? ஆமாம் என்று தலையாட்டுகிறீர்கள், ஆனால் மேடத்தைப் பார்த்ததில்லை என்றீர்களே. ஓ, போனில் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று சொல்கிறீர்கள். அதுவும் சரிதான். போனில் வெளியே கசிகிற குரல் இன்னும் கொஞ்சம் தகரமாக இருக்கும்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்க, ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆமாம், சவரிமுத்து அண்ணன் பாவம்தான். ரொம்பப் பாவம். நல்ல மனுஷன். சாப்பாட்டை முடித்துவிட்டாவது வந்திருக்கலாம்.

உங்கள் குரல் கூட நன்றாக இருக்கிறது அக்கா. இதுவரைக்கும் நீங்கள் ஒரு முழு வரி பேசவே இல்லை, இப்போதுதான் பேசினீர்கள். அடியில் கொஞ்சம் மணல் இருக்கிறது உங்கள் குரலில், வரி முடிகிற இடத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறீர்கள். கஷ்டமான குரல். முயற்சி பண்ணிப் பார்க்கட்டுமா? கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போது என்ன சொன்னீர்கள்?

"சோத்துல பெசஞ்ச கைய அப்படியே கழுவிட்டு எந்திரிச்சாரு. ரெண்டு வாய்தான் சாப்புட்டாரு. அதையாவது தின்னுட்டுப் போங்கன்னேன்."

இருங்க. முடிவு சரியாக வரவில்லை. இன்னொரு தடவை.

"ரெண்டு வாய்தான் சாப்புட்டாரு. அதையாவது தின்னுட்டுப் போங்கன்னேன்."

அக்கா.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நான் சொல்லவே இல்லையே. எனக்கே தெரியாதே. எனக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டவங்களுக்குத்தானே அது தெரியும்.